மெக்சிகோ ரோட்டில் ரெஜினாவின் படகு

தம்பி, அந்த முழங்கையக் கொஞ்சம் உள்ள எடுத்துக்கிடுங்க. கோவிச்சுக்கிடாதீங்க. எதுக்க வர்ற லாரி எவ்வளவு ஒட்டி வரும்னு உங்களுக்கும் தெரியாது, அந்த டிரைவருக்கும் தெரியாது. ஆங், அது போதும்.

தொழில் புத்தி, அதான். தூத்துக்குடிதானே போறீங்க? நானும் அங்கதான். பேரு சூசைமாணிக்கம். சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி. ஆனா பாதி ஆயுசு போனது அமெரிக்காவுல. அரிசோனான்னு ஒரு மாநிலம், அதுல டூசான்னு ஒரு ஊரு. பாலைவனம். அங்க ஒரு செம்புச் சுரங்கத்துல பாதுகாப்பு ஆபீசரா இருந்தேன். காலையில உள்ள இறங்குனவன் சாயந்தரம் கை காலோட வீட்டுக்குப் போகணும், அதுக்கு நான் பொறுப்பு. என் காலத்துல ஒரு சாவு கிடையாது. ரிட்டயர் ஆகும்போது கேடயம் குடுத்தாங்க, கண்ணாடிக் கேடயம். உடைஞ்சா கையக் கிழிச்சிரும்னு அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்.

உங்களை ஒண்ணு கேக்கலாமா? படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க. ஒரு பாய்மரப் படகு. பெருசு இல்ல, நம்ம ஊரு மினி பஸ் நீளம். அதை டிரெய்லர்ல ஏத்தி, வண்டிக்குப் பின்னால மாட்டி, மெக்சிகோ வழியா ஒரு பகல் பூரா இழுத்துக்கிட்டுப் போகணும். போலாமா, கூடாதா?

சிரிக்கிறீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்றாங்க.

படகு என் வீட்டுக்காரியோடது. ரெஜினா. தூத்துக்குடிக்காரி. அவ அப்பா தோணியில தண்டலா இருந்தவரு. தண்டல்னா தோணிக்குத் தலைவரு, கப்பல்ல கேப்டன் மாதிரி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திக்கிட்டுப் போவாரு. இவ சின்னப் பிள்ளையில கரையில நின்னு பாத்திருக்கா. ஏறுனது இல்ல. பொம்பளைப் பிள்ளைய ஏத்த மாட்டேன்னுட்டாரு மனுசன். அண்ணன் போயிருக்கான், அவனுக்கு ஒரே வாந்தியாம். இவ கரையில நின்னுட்டு வீட்டுக்கு வந்திருக்கா. இதைக் கல்யாணம் ஆன புதுசுல சொன்னா. அப்புறம் சொல்லல. நானும் கேக்கல.

அவ நர்சு. அமெரிக்காவுக்கு அவதான் முதல்ல போனா, தனியா. நான் பின்னால போனேன். அப்பல்லாம் எனக்குப் பயமே இல்ல. அப்ப இந்த வேலைக்கு நான் போகல, எது எது ஆபத்துன்னு தெரியாது, அதான்.

எங்களுக்குப் பிள்ளை இல்ல. வேலை, வீடு, ஞாயித்துக்கிழமை பூசை. அப்படிப் போய்க்கிட்டிருந்துச்சு. அவ ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் வேற ஊருக்கு மாத்திப் போகும்போது, உனக்கு வேணுமா ரெஜினான்னு படகைக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு நாள் நான் வேலை முடிஞ்சு வர்றேன், வீட்டுக்குப் பின்னால கள்ளிச் செடிக்கு நடுவுல படகு நிக்குது. மேல இவ உக்காந்திருக்கா. காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு.

"ஏங்க, ஏறி வாங்க"ன்னா.

நான் முதல்ல ஏணியைப் பாத்தேன். கட்டாம சாத்தி வச்சிருந்தா. அதைக் கட்டிக் குடுத்தேன். கட்டி முடிக்கவும் அவ இறங்கி வந்துட்டா, அடுப்புல சோறு இருக்குன்னு.

பக்கத்துல ஒரு ஏரி இருக்கு, அங்க கொண்டுபோய்ப் பழகுனா. ஒரு வயசாளிக் கூட்டம் அங்க பாய்மரம் ஓட்டுது, அவங்க சொல்லிக் குடுத்தாங்க. நான் கரையில இருப்பேன். யாராவது ஒருத்தர் கரையில இருக்கணும்ல, ஆபத்துன்னா ஆளைக் கூப்பிட. சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு அவ திரும்புறது தூரத்துல தெரியும். கையாட்டுவா. நானும் ஆட்டுவேன்.

ஆனா ஏரி ஏரிதான்னு சொல்ல ஆரம்பிச்சா. கடல் வேணும். டூசானுக்குக் கிட்டக் கடல்னா அது மெக்சிகோவுலதான் இருக்கு. குவாய்மாஸ்னு ஒரு துறைமுகம். காலையில கிளம்புனா சாயந்தரத்துக்குள்ள போயிரலாம். வெள்ளைக்காரங்க நிறைய பேரு படகை இழுத்துக்கிட்டுப் போறாங்க. "நான் ரிட்டயர் ஆனதும் போவோம்"னா. நான் "பாக்கலாம்"னேன். அவ ரிட்டயர் ஆக இன்னும் ரொம்ப நாள் இருந்துச்சு.

நாள் போயிருச்சு. அவளும் ரிட்டயர் ஆயிட்டா. கேக்கு வெட்டுனாங்க. வந்து பையை வச்ச உடனே கேட்டா, "ஏங்க, எப்ப போறோம்?"

நான் விளையாட்டா எடுத்துக்கிடல தம்பி, அதை நீங்க நம்பணும். முறையா ஆராய்ஞ்சேன். எங்க தொழில்ல ஆபத்தை ரெண்டாப் பிரிப்போம். நடக்குமா நடக்காதான்னு ஒண்ணு, நடந்தா எவ்வளவு மோசம்னு ஒண்ணு. ரெண்டையும் பெருக்கணும். நடக்கவே நடக்காதுன்னாலும், நடந்தா ஆளு காலின்னா அது சின்ன ஆபத்து இல்ல. புரியுதா? இது பாதிப் பேருக்குப் புரியாது.

அரசாங்கம் எச்சரிக்கை போட்டிருந்துச்சு, படிச்சேன். சுரங்கத்துல என்கூட வேலை பார்த்த ஒருத்தன், வழிமறிச்சு வண்டியவே பிடுங்கிட்டுப் போயிருவாங்கன்னு சொன்னான். அவன் அங்க போனது இல்ல, ஆனா நல்ல விவரமானவன். பக்கத்து வீட்டு ரமோனையும் கேட்டேன். அவன் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். அவங்க அம்மா அந்த ரோட்டுலதான் எர்மோசியோங்கிற ஊருல இருக்காங்க, மாசாமாசம் பாக்கப் போறவன். "தாராளமாப் போங்க சார், ஊருக்குள்ள வேகத்தடை மட்டும் உயரமா இருக்கும், மெதுவா ஏத்தி இறக்குங்க"ன்னான். அவன் அந்த நாட்டுக்காரன், அப்படித்தானே சொல்லுவான்? அதை நான் கணக்குல சேக்கல.

முதல்ல இன்சூரன்ஸ் சொன்னேன். நம்ம இன்சூரன்ஸ் அங்க செல்லாது ரெஜினான்னேன். "அதைச் சரி பண்ணிட்டாப் போலாமா?"ன்னா. பாக்கலாம்னேன். அவ போய் அந்த நாட்டு இன்சூரன்சை வாங்கிட்டு வந்துட்டா. படகை உள்ள கொண்டுபோக அனுமதி வேணுமேன்னேன். வாங்கிட்டா. டிரெய்லர் டயர் பழசுன்னேன். மாத்திட்டா. சக்கரத்துல கிரீஸ் வைக்கணும்னேன். அவளே படுத்துக்கிடந்து வச்சா, முகமெல்லாம் கிரீஸ். பாஷை தெரியாதேன்னேன். தினம் சாயந்தரம் ரமோன் வீட்டுல போய் உக்காந்து படிச்சா. மீன் குழம்பு குடுத்துவிட்டு வார்த்தை வாங்கிக்கிட்டு வருவா. ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பாத்து என்னவோ சொல்லுவா. என்னதுன்னா, "உப்பு போதுமான்னு கேட்டேன்"ம்பா.

கடைசியா, டிரெய்லரோட ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம ரோட்டுல இறங்கக்கூடாதுன்னேன். அது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. கோவில் வாசல்ல வண்டி நிறுத்துற இடம் வாரநாள்ல காலியாக் கிடக்கும். அங்க கொண்டுபோய்ப் பழகுனா. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா டிரெய்லர் வலது பக்கம் போகும், லேசுப்பட்ட வேலை இல்ல. நான் ஆரஞ்சு கூம்பு வரிசையா வச்சுக் குடுத்தேன். முதல் வாரம் எல்லாத்தையும் சாய்ச்சா. நான் திரும்பத் திரும்ப நிமித்தி வச்சேன். ஃபாதர் வெளிய வந்து பாத்துட்டுச் சிரிச்சாரு. ஒரு நாள் ஒரு கூம்புலயும் படாம, நூல் பிடிச்ச மாதிரி உள்ள கொண்டுவந்து நிப்பாட்டிட்டா. கதவைத் திறந்து இறங்கி என்னைப் பாத்தா. அந்தப் பார்வை ஞாபகம் இருக்கு.

"இப்ப?"ன்னா.

"இப்பக் காத்து சீசன் ரெஜினா. பக்கவாட்டுக் காத்து அடிச்சா டிரெய்லர் ஆடும்"னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவ கூம்பை எல்லாம் பொறுக்கி ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி என் கையில குடுத்தா.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல கேட்டா. கோவமா இல்ல, ஊசி போடுறதுக்கு முன்னாடி நோயாளிகிட்டப் பேசுவாள்ல, அந்த மாதிரி. "எவ்வளவு பத்திரமா இருந்தாப் போலாம்னு ஒரு அளவு சொல்லுங்க. நான் அதுக்குள்ள கொண்டுவந்துருதேன்."

நான் யோசிச்சேன். தப்பாச் சொல்லிறக்கூடாது பாருங்க. "ஒரு ஆபத்தும் இல்லன்னு தெரிஞ்சாப் போலாம்"னேன்.

"ஒண்ணுமே இல்லன்னா?"

"ஒண்ணுமே இல்லன்னா."

"சரிங்க"ன்னுட்டு எந்திரிச்சுத் தட்டைக் கழுவப் போயிட்டா. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. நல்லதாப் போச்சு, புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன். அவ எப்பவுமே புத்திசாலி.

தண்ணி வேணுமா தம்பி? வேண்டாமா. சரி, பஸ் ஓடும்போது குடிக்காதீங்க, புரையேறும்.

தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அங்க நம்ம தமிழ்ச் சங்கத்துல என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. சாலைப் பாதுகாப்பு. நான் காலையில பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு என்ன பேசணும்னு பாத்துக்கிட்டிருக்கேன். ரெஜினா வந்து எதுக்க நின்னா.

"நான் கிளம்புறேங்க. நீங்களும் வர்றீங்களா?"

எங்கன்னு நான் கேக்கல. கடைக்கா இருக்கும்னு நினைச்சிருப்பேன். "பாக்கலாம்"னு சொல்லியிருக்கேன். பழக்கத்துல வர்றதுதானே. அவ என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டுட்டுப் போயிட்டா.

கூட்டம் நல்லா நடந்துச்சு. கை தட்டுனாங்க. வீட்டுக்கு வர்றேன், படகை இழுக்குற பெரிய வண்டியைக் காணோம். பின்னால போய்ப் பாக்குறேன், படகும் இல்ல. அது நின்ன இடத்துல மண்ணு வேற நிறமா இருக்கு. வெயிலே படாத மண்ணு. சரளையில டயர் நின்ன பள்ளம்.

எனக்கு ஒண்ணும் தோணல. கோவம் வரணும்ல? வரல. அழுகையும் வரல. ஒரு மண்வெட்டியை எடுத்து அந்தப் பள்ளத்தையெல்லாம் நிரவிவிட்டேன். யாராவது தடுக்கி விழுந்துருவாங்கல்ல.

ரமோன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருந்தான். எல்லை வரைக்கும் அவ பின்னாலயே போய் வழியனுப்பிட்டு வந்திருக்கான். "நல்லா ஓட்டுறாங்க சார்"னான். நான் தலையாட்டுனேன்.

அன்னைக்கே போன் பண்ணிட்டா. "வந்து சேந்துட்டேங்க. நடுவுல ஒரு டயர் வெடிச்சிருச்சு. தர்பூசணி ஏத்திக்கிட்டு வந்த ஒரு புருசன் பொண்டாட்டி நிப்பாட்டி மாத்திக் குடுத்தாங்க. ஒரு பழமும் குடுத்துட்டுப் போனாங்க."

"புது டயரா வெடிச்சது?"ன்னேன்.

"ஆமா."

"நான் சொன்னேன்ல."

"ஆமாங்க, நீங்க சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க"ன்னா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு தம்பி, பொய் சொல்லுவானேன். அவ வாயால ஒத்துக்கிட்டாளே.

ஒரு வாரத்துல வந்துருவான்னு நினைச்சேன். ஒரு வாரம்னு அவளும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன். அப்புறம் அங்க ஒரு சின்ன வீடு பிடிச்சிருக்கேன்னா. காலையில ஒரு கிளினிக்குல உதவி பண்ணுறேன், சாயந்தரம் படகுன்னா. "நீங்க வாங்களேன்"ம்பா ஒவ்வொரு தடவையும். பாக்கலாம்பேன். சாப்பிட்டீங்களாம்பா. சாப்பிட்டேம்பேன். இப்படியே ஒரு கோடை பூரா போச்சு. வீடு அமைதியா இருந்துச்சு. ஒரு நாள் அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துட்டேன். நான், பாருங்க. பாத்திரம் கருகுற வாசம் வந்தப்புறமும் கொஞ்ச நேரம் உக்காந்தே இருந்தேன். அணைக்கணும்னு தெரியுது, கை எந்திரிக்கல. அப்புறம் அணைச்சேன்.

வெயில் குறைஞ்சதும் என் சின்னக் காரை எடுத்துக்கிட்டு அவளைப் பாக்கப் போனேன். படகு இல்லாமப் போறதால ஆபத்து பாதிக்குப் பாதி குறையுது, கணக்குப் போட்டுத்தான் போனேன். எல்லையைத் தாண்டுனா ரோடு நம்ம நாலு வழிச் சாலை மாதிரி. ஒரு இடத்துல ஓரம் இல்ல, ஒரு இடத்துல மேடு பள்ளம். பாதி வழியில, நான் எதுக்குப் பயந்தேனோ அதுவே வந்துருச்சு. பின்னால போலீசு வண்டி, விளக்கைப் போட்டு நிக்கச் சொல்றான். நிப்பாட்டிட்டேன். பேப்பரையெல்லாம் தயாரா வச்சிருந்தேன். அந்த ஆளு என்கிட்ட வரவே இல்ல. வண்டிக்குப் பக்கவாட்டுல குனிஞ்சு என்னமோ பண்ணாரு. அப்புறம் வந்து சைகை காமிச்சாரு. பெட்ரோல் ஊத்துன இடத்துல மூடியைத் தொங்கவிட்டுட்டு வந்திருக்கேன். அதை அவரே மூடிட்டு, நல்லபடியாப் போங்கன்னு அவங்க பாஷையில சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆனா ஒரு சம்பவத்தை வச்சு முடிவுக்கு வரக்கூடாது. அது எங்க தொழில்ல முதல் பாடம்.

ரெஜினா வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. வெயில்ல கறுத்து, முடியை ஒட்ட வெட்டி, எனக்கு ஒரு நிமிசம் அடையாளம் தெரியல. "வாங்க, சாப்பிடுவோம்"னா. மீன் குழம்பு. அங்கயும் புளி கிடைக்குதாம். வீட்டுல வச்ச மாதிரியே இருந்துச்சு. நான் நிறையச் சாப்பிட்டேன். அவ எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா.

மறுநாள் காலையில படகுக்குக் கூட்டிட்டுப் போனா. மிதவைச் சட்டை இருக்கான்னு கேட்டேன். எனக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சிருந்தா, என் அளவுல. போட்டுக்கிட்டு ஏறி உக்காந்தேன். முதல் தடவை தம்பி. அத்தனை வருசம் அந்தப் படகு என் வீட்டுல நின்னிருக்கு, நான் அதுல உக்காந்தது அன்னைக்குத்தான். லேசா ஆடுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு.

"கயித்தை அவுக்கவா?"ன்னா.

நான் கம்பத்துல கொடியைப் பாத்தேன். "காத்து அடிக்குதே."

"காத்து இல்லன்னா பாய்மரம் எப்படிங்க போகும்?"

"அதுவும் சரிதான்"னேன். ஆனா அவுக்கச் சொல்லல. அவளும் அவுக்கல. கட்டுன படகுலயே உக்காந்திருந்தோம். வெள்ளைவெளேர்னு ஒரு நாரை வந்து உக்காந்துட்டுப் போச்சு.

அப்புறம் நான்தான் கேட்டேன், "எப்ப வீட்டுக்கு வர்ற?"

"படகை விட்டுட்டு வர மாட்டேங்க."

"யாரு விட்டுட்டு வரச் சொன்னா? படகோட வா."

அவ என் பக்கம் திரும்பி உக்காந்தா. "படகோட அந்த ரோட்டுல வர்றது பத்திரமா? நீங்க சொல்லுங்க. இப்பத்தானே கண்ணால பாத்துட்டு வந்திருக்கீங்க. நீங்க பத்திரம்னு சொன்னா நாளைக்கே மாட்டிக்கிட்டு உங்க பின்னால வர்றேன்."

அவ அப்படிக் கேட்டதுல எனக்கு ஒரு மரியாதை தெரிஞ்சது. அத்தனை நாள்ல முதல் தடவையா என் பேச்சைக் கேட்டு நடக்குறேங்கிறா. அதனால கண்ணை மூடி அந்த ரோட்டை முழுசா ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாத்தேன். ஓரம் இல்லாத இடம். மேடு பள்ளம். வெடிச்ச டயர்.

"இல்ல ரெஜினா. போலாம்னு என்னால சொல்ல முடியாது"ன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

"சரிங்க. அப்ப நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கிடுதோம்"னா. ரெண்டு பேருன்னு அவ சொன்னது படகைச் சேத்து. கண்ணு கலங்கியிருந்துச்சு. உப்புக் காத்து, அங்க எல்லாருக்கும் அப்படித்தான் கலங்கும்.

நாளைக்குப் போங்களேன், சாயந்தரம் சூரியன் கடல்ல இறங்குறது நல்லா இருக்கும்னு சொன்னா. இருட்டுறதுக்குள்ள எல்லையைத் தாண்டணும்ல? உடனே கிளம்பிட்டேன். மிதவைச் சட்டையக் கழத்திக் குடுத்தேன். அவ அதை மடிச்சு மடியில வச்சுக்கிட்டா.

இப்ப அவ அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதுக்குத்தான் போறேன். அவ வரல, சேலை வாங்கிக் குடுத்துவிட்டிருக்கா. ரெஜினா எங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. படகை இழுத்துக்கிட்டு அந்த ரோட்டுல திரும்பி வர்றது ஆபத்து, அதான் அங்க இருக்கான்னு சொல்லுவேன். அது உண்மைதானே?

ரமோன் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டான். "அவங்க கேட்டப்ப, பத்திரம்தான் வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன சார்?"ன்னான். வாத்தியாரு, படிச்சவன், அவனே இப்படிக் கேக்குறான். எப்படிச் சொல்ல முடியும் தம்பி? நான் வான்னு சொல்லி, அவ கிளம்பி, வழியில டயர் வெடிச்சா?